ஒயில் ஒழுகினது ஆரால?

2013 நல்லூர்த் திருவிழாவுக்கு லண்டனில இருந்து வந்த மாமா அண்ணாவுக்கு ஒரு றிமோட் கார் கொண்டுவந்தவர். கடையில விக்கிற, ரெண்டு நாளில உடையிற விளையாட்டுச் சாமான் இல்லை. பத்தில ஒரு பங்கு அளவில செய்த 'பகி' கார். நாலு சில்லுக்கும் தனித்தனி ஷொக், உள்ளுக்குள்ள ஒயில், வெளியில மஞ்சள் ஸ்ப்றிங். அண்ணாவுக்கு அப்ப இருபது வயசு. எனக்குப் பதின்மூண்டு. அண்ணாவுக்கு வந்தது அண்ணாவுக்கு மட்டும்தான் எண்டது வீட்டில ஆரும் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிஞ்ச சட்டம்.

வந்து ஒரு மாதம் ஆகேல்லை. ஒருநாள் காரின்ர பின்பக்க வலது ஷொக்கில இருந்து ஒயில் ஒழுகத் தொடங்கீற்றுது. விறாந்தைச் சீமெந்தில கறுப்பா ஒரு வட்டம். அப்பா கேட்டார், "இதில ஆர் கை வைச்சது?" அண்ணா என்னைப் பாத்தான். "இவள்தான் நோண்டிக்கொண்டிருந்தவள்."

நான் தொடவே இல்லை எண்டு இண்டைக்கும் சொல்ல மாட்டன். தொட்டனான். அண்ணா ரியூசனுக்குப் போன நேரம் காரைத் தூக்கி, பின்பக்கத்தை நிலத்தில அமத்தி அமத்திப் பாத்தனான். அது மெத்தெண்டு கீழ போய், மெதுவா மேல வாறது பாக்க நல்லா இருந்தது. அவ்வளவுதான் செய்தது. ஆனா 'தொட்டனியோ?' எண்டு கேட்டால் 'ஓம்' எண்டுதானே சொல்லவேணும்? சொன்னன். அப்பா அடிக்கேல்லை. அடிச்சிருந்தா மறந்திருப்பன். "பொம்பிளைப்பிள்ளைக்கு ஆயுதப் பெட்டியடியில என்ன வேலை? இனி கராஜ் பக்கம் வரக்கூடாது" எண்டார்.

எங்கட அப்பா மோட்டார் சைக்கிள் மெக்கானிக். வீட்டுக்கு முன்னால, நெல்லியடிப் பக்கம் போற றோட்டைப் பாத்தபடி, தகரக் கொட்டிலில கராஜ். அந்த நாள் வரைக்கும் பள்ளிக்கூடம் விட்டு வந்து, சீருடையோட அப்பாவுக்குப் பக்கத்தில குந்தியிருந்து "பத்தைத் தா, பன்ரெண்டைத் தா" எண்டு கேக்கிற ஸ்பானரை எடுத்துக் குடுக்கிறது நான்தான். அண்ணாவுக்கு அதில பெரிசா விருப்பம் இருக்கேல்லை. அதுக்குப் பிறகு நான் அந்தக் கொட்டிலுக்குள்ள போனது தேத்தண்ணி குடுக்க மட்டும்தான்.

*

2022 எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பெற்றோல் செட்டில நாள் கணக்கா வரிசை. பிறகு கியூ.ஆர். வந்து, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர். ஓடாத சைக்கிள் பழுதாகாது. பழுதானாலும் போடச் சாமான் இல்லை. அப்பாவின்ர கராஜில அந்த மாதங்களில நாய் மட்டும்தான் படுத்திருந்தது. அந்த வருசக் கடைசியில அண்ணா வெளிக்கிட்டான். அம்மாவின்ர நகை அடகுக்குப் போய், மிச்சம் வட்டிக்கு வாங்கி, எத்தனையோ நாடு சுத்தி, இப்ப பாரிஸில ஒரு ரெஸ்ரோரண்டில கோப்பை கழுவுறான். விசா இன்னும் சரிவரேல்லை. அதாவது, அங்கால போனவன் இங்கால வர ஏலாது.

கார் அவன்ர கட்டிலுக்குக் கீழ, பழைய சீலை ஒண்டால மூடிக் கிடந்தது.

போன வருசம் ஒருநாள் அண்ணா கோல் எடுத்தான். வழமையான கதைகள், குளிர், சம்பளம், வட்டி. கடைசியா, சும்மா சொல்ற மாதிரி, "அந்தக் கார் கிடக்கெல்லே, அதை வித்துப்போடன். இப்ப உதுகளுக்கு நல்ல விலை. அம்மாட்ட ஒரு மாத வட்டிக்காவது காணும்" எண்டான்.

அம்மா போனை வாங்கி வேற கதை கதைச்சா. எனக்கு அந்த வசனம் காதுக்குள்ளயே நிண்டது. காரை வித்துப்போடு எண்டால், அவன் திரும்பி வந்து அதை ஓட்டப் போறேல்லை எண்டு அவனுக்கே விளங்கீற்றுது எண்டுதானே அர்த்தம்? அதைவிட இன்னொண்டும் இருந்தது. பத்துப் பன்ரெண்டு வருசமா நான் தொடக்கூடாத சாமான் அது. இப்ப விக்கிறதுக்காக மட்டும் நான் தொடலாமாம்.

முகநூலில படம் போட்டன். கொழும்பில இருந்து ஒருத்தர் விசாரிச்சார். முதல் கேள்வியே, "ஷொக் ஒயில் லீக் இருக்கோ?" காரை எடுத்து முழங்கால் உயரத்தில இருந்து நிலத்தில விட்டுப் பாத்தன். விழுந்த கார் பந்து மாதிரித் துள்ளி, பக்கவாட்டில பிரண்டு, சுவரில போய் இடிச்சு நிண்டது.

*

ஷொக் எண்டு நாங்கள் சொல்ற சாமானுக்குள்ள உண்மையில ரெண்டு வேலை நடக்குது. வெளியில தெரியிற ஸ்ப்றிங், குழியில விழுந்த அடியை வாங்கி வைச்சிருந்து அப்படியே திருப்பிக் குடுக்கும். ஸ்ப்றிங் மட்டும் இருந்தா வண்டி ஆடிக்கொண்டே இருக்கும். உயர்தரத்தில பௌதிகவியல் படிச்ச ஆக்களுக்கு எளிமை இசை இயக்கம் ஞாபகம் வரும். அந்த ஆட்டத்தை நிப்பாட்டுறதுதான் உள்ளுக்குள்ள இருக்கிற ஒயிலின்ர வேலை. ஒரு சின்னக் குழாய் நிறைய ஒயில். அதுக்குள்ள ஓட்டை போட்ட ஒரு பிஸ்டன். அந்தப் பிஸ்டன் ஒரு மெல்லிய தண்டின்ர நுனியில. சில்லு மேல கீழ போகேக்க தண்டு பிஸ்டனைத் தள்ளும், ஒயில் அந்த ஓட்டைகளுக்கால நெருக்குப்பட்டு ஓடும். அடியின்ர சக்தி சூடா மாறி இல்லாமல் போகும். பாடப்புத்தகத்தில 'தணித்த அலைவு' எண்டு படிச்சதை முதல்முதல் கையில பிடிச்சது இந்தக் காரிலதான்.

1984ல தமியா கொம்பனி 'கிறாஸ்கொப்பர்' எண்டு ஒரு பகி விட்டது. உலகம் முழுக்கப் பிள்ளைகள் அதிலதான் பழகினவை. எளிமையான ஸ்ப்றிங் கார். பேருக்கு ஏத்த மாதிரி வெட்டுக்கிளியாத் துள்ளும். அதே வருசம் அமெரிக்காவில அசோசியேற்றட் விட்ட 'ஆர்.சி.10' காரில, அலுமினியத்தில கடைஞ்ச, ஒயில் நிரப்பின ஷொக் நாலு. அது ஓடின விதத்தைப் பாத்த பிறகு போட்டிக் காரெல்லாம் அந்த வழிக்கு வந்திட்டுது. எங்கட காரும் அந்தப் பரம்பரைதான்.

இந்த ஏற்பாட்டில பலவீனமான இடம் ஒண்டே ஒண்டுதான். தண்டு குழாயை விட்டு வெளியில வாற வாசல். அந்த வாசலில ரெண்டு சின்ன றப்பர் ஓ-றிங் இருக்கும். தண்டு ஓடவும் வேணும், ஒயில் வெளியில வரவும் கூடாது. அதுக்குத் தண்டு கண்ணாடி மாதிரி வழுவழுப்பா இருக்கவேணும். தலைமயிர் அளவு கீறல் இருந்தாலும் அது ஒவ்வொரு தரமும் உள்ள போய் வரேக்க றப்பரை அரம் மாதிரி அராவும், கொஞ்சம் ஒயிலையும் வெளியில கொண்டுவரும். அந்த ஈரத்தில மண் ஒட்டும். ஒட்டின மண் திரும்பவும் றப்பருக்குள்ள போகும். பிறகு கேக்கவே தேவையில்லை.

எங்கட கார் ஓடினது மணற்காட்டில. வடமராட்சி ஆக்களுக்குத் தெரியும். பழைய அந்தோனியார் கோயில் இடிபாடு மண்ணுக்குள்ள புதைஞ்சு கிடக்கிற பக்கம், மா மாதிரி மெல்லிய மண் கும்பி கும்பியா இருக்கும். அண்ணாவும் சிநேகிதர்மாரும் ஞாயிற்றுக்கிழமையில அங்கதான் காரைக் கொண்டுபோறவை. அந்த மண்ணில இருக்கிற படிகக்கல் துணிக்கை சாதாரண உருக்கைவிடக் கடினம். அதோட உப்புக் காத்து. றிமோட் காருக்கெண்டில்லை, அந்தப் பக்கத்து மோட்டார் சைக்கிளின்ர முன் போர்க்குகளும் அடிக்கடி சீல் போய்த்தான் அப்பாவிட்ட வரும்.

*

ஒரு சனிக்கிழமை பின்னேரம், விறாந்தையில வெள்ளைச் சீலை ஒண்டை விரிச்சுப்போட்டுக் கழட்டத் தொடங்கினன். வெள்ளைச் சீலை ஏனெண்டால் விழுற சின்னச் சாமான் கண்ணுக்குத் தெரியும், உருண்டும் ஓடாது. அப்பா கதிரையில பேப்பர் படிச்சுக்கொண்டிருந்தார். ஒண்டும் சொல்லேல்லை. பேப்பர் ஒற்றை மட்டும் கனநேரமாத் திருப்பேல்லை.

அலன் கீயால நாலு ஷொக்கையும் காரில இருந்து எடுத்தன். ஸ்ப்றிங்கைக் கழட்டி, மேல் மூடியைத் திறந்து ஒயிலை ஊத்தினன். புதுசில தண்ணி மாதிரி இருந்திருக்க வேண்டியது, சாம்பல் கரைச்ச மாதிரி வந்தது. பின்பக்க வலதில ஒயிலே இல்லை. பிஸ்டனைப் பிடிச்சிருக்கிற ஈ-கிளிப்பை மட்டும் ஒரு பொலித்தீன் பைக்குள்ள கையை விட்டுக் கழட்டினன். யூரியூப்பில ஒரு வெள்ளைக்காரக் கிழவர் சொல்லித் தந்தது. அது தெறிச்சால் பிறகு வாழ்க்கையில கிடைக்காது.

முதல் மூண்டு தண்டிலயும் ஒரே கதைதான். நடுப்பகுதியில மினுக்கம் போய், நீட்டுக்கு மெல்லிய கோடுகள். மண்ணின்ர வேலை. நாலாவது, பின்பக்க வலது. அதைத் துடைச்சுப்போட்டு வெளிச்சத்தில திருப்பினன். அதில நீட்டுக் கோடு மட்டும் இல்லை. கீழ் நுனியில இருந்து கொஞ்சம் மேல, குறுக்கால, ஒழுங்கான இடைவெளியில சின்னச் சின்னப் பள்ளங்கள். ஒரு பக்கத்தில ஆறு. மற்றப் பக்கத்தில, சரி நேர் எதிரில, ஆறு.

மெக்கானிக்கின்ர பிள்ளைக்கு அது என்னெண்டு ஆரும் சொல்லித் தரத் தேவையில்லை. குறட்டின்ர பல்.

தண்டின்ர கீழ் நுனியில ஒரு பிளாஸ்ரிக் கொழுக்கி பூட்டியிருக்கும். அதைக் கழட்டவேணும் எண்டால் தண்டு சுத்தாமல் பிடிக்கவேணும். தெரியாத ஆக்கள் கையில கிடைக்கிற குறட்டால வெறும் தண்டைக் கவ்விப் பிடிச்சுத் திருகுவினம். அந்தப் பல் பதிஞ்ச இடம் ஒவ்வொரு தரமும் ஓ-றிங்குக்குள்ளால போய் வரும். ஒரு கிழமையில ஒயில் விறாந்தையில நிக்கும். 2013ல எங்கட வீட்டில குறடு எடுக்கக்கூடிய ஆக்கள் ரெண்டே ரெண்டு பேர். ஒருத்தர் இப்பிடிப் பிழையாப் பிடிக்க மாட்டார்.

நான் கனநேரம் அந்தத் தண்டைக் கையில வைச்சுக்கொண்டு இருந்தன். கோவம் வரவேணும், வரேல்லை. கண் மட்டும் கலங்கினது. பதின்மூண்டு வயசுப் பிள்ளை ஒண்டு அமத்தி அமத்திப் பாத்ததால ஷொக் உடையாது. ஷொக் செய்யிறதே அமத்துறதுக்குத்தான். இது எனக்கு அண்டைக்குத் தெரிஞ்சிருந்தால் சொல்லியிருப்பன். தெரியாதபடியால், நான்தான் உடைச்சன் எண்டு பன்ரெண்டு வருசம் நானும் நம்பிக்கொண்டிருந்தன்.

*

புதுத் தண்டு தேடினன். இங்க எங்கயும் இல்லை. அப்பதான் அப்பா வாய் திறந்தார். "இதென்ன, மூண்டு மில்லிக் கம்பிதானே. லேத்தில சொல்லிச் செய்விக்கலாம்."

அப்பா அந்தப் பரம்பரை. தொண்ணூறுகளில இங்க பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை, உதிரிப்பாகம் இல்லை, டோர்ச்சுக்குப் போடுற பற்றறி கூட வரவிடேல்லை. அந்த நேரம் கொஞ்சப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில மோட்டார் சைக்கிள் ஓட்டினவை. சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்டவை. இல்லாத சாமானைச் செய்து போடுறதிலதான் அப்பா தொழில் பழகினவர். "எங்கட காலத்தில இந்தக் காரைத் தந்திருந்தாலும் றிமோட்டுக்குப் போட பற்றறி இருந்திராது" எண்டு சொல்லிச் சிரிச்சார். அப்பா என்னோட ஒரு சாமானைப் பற்றிக் கதைச்சுச் சிரிச்சு எத்தனை வருசம்!

லேத்கார அண்ணை பழைய தண்டை மைக்ரோமீற்றரில வைச்சுப் பாத்தார். தேயாத இடத்தில 3.00, தேஞ்ச இடத்தில 2.94. "இது சாப்ட் தேஞ்சதெண்டால் தேஞ்சதுதான், பிள்ளை. ஆறு நூறில ஒண்டு போனாப் பிறகு எந்த சீலும் பிடிக்காது" எண்டார். கறள் பிடிக்காத கம்பியில நாலு தண்டு வெட்டி, புரி போட்டுத் தந்தார். காசு வாங்கேல்லை. பூட்டினன். முதல் நாள் நல்லா இருந்தது. நாலாம் நாள் நாலும் ஈரம்.

ஏனெண்டு பிறகுதான் விளங்கினது. அளவு சரி. ஆனா கம்பி மெத்தை, மேற்பரப்பும் முரடு. கொம்பனித் தண்டை முதல் கடினமாக்கி, தேய்ச்சு மினுக்கி, அதுக்கு மேல குரோமியமோ வேற பூச்சோ போடுவினம். சிலதில பொன்னிறமா மினுங்குறது ரைற்றேனியம் நைத்திரைட்டு. கண்ணுக்கு ஒரே மாதிரித் தெரியிற ரெண்டு கம்பி றப்பருக்கு ஒண்டில்லை. அப்பா தண்டை விரலால தடவிப் பாத்து, "இதுக்கு என்ர வைத்தியம் சரிவராது. நீ உன்ர இன்ரநெற்றில ஓடர் பண்ணு" எண்டார். அப்பா தோல்வியை ஒத்துக்கொண்ட மிகச் சில நாளில அது ஒண்டு.

தண்டு நாலு, ஓ-றிங் பக்கற் ஒண்டு, சிலிக்கன் ஒயில் ஒரு போத்தல். எல்லாமா ஏழாயிரம் ரூபாய்க்குக் கிட்ட. வர மூண்டு கிழமை.

*

நீங்களும் ஒருநாள் செய்யக்கூடும் எண்டதால, நான் விட்ட பிழையளோட சேத்துச் சொல்றன்.

கழுவுறது. உலோகச் சாமானை மண்ணெண்ணெயில கழுவலாம். அப்பா பழக்கதோசத்தில ஓ-றிங்கையும் சேத்துப் போடப் பாத்தார். மறிச்சுப்போட்டன். அந்த றப்பர் மண்ணெண்ணெயிலயும் பெற்றோலிலயும் ஊதிப்போகும்.

பாக்கிறது. புதுத் தண்டெண்டாலும் ஒரு கண்ணாடித் துண்டில வைச்சு உருட்டிப் பாக்கவேணும். வளைவிருந்தால் தாளம் தப்பும்.

புரி. தண்டின்ர நுனியில இருக்கிற புரி கத்தி மாதிரி. அதை அப்படியே ஓ-றிங்குக்குள்ளால தள்ளினால் புது றப்பர் அதே நிமிசத்தில வெட்டுப்படும். முதல் ஷொக்கில எனக்கு அதுதான் நடந்தது. ரெண்டாவதுக்கு, குழாய் வேலைக்காரர் சுத்துற வெள்ளை ரேப்பைப் புரியில ஒரு சுத்துச் சுத்தி, ஒயில் பூசி, மெதுவாச் சுழட்டிச் சுழட்டி விட்டன்.

பிடிக்கிறது. கொழுக்கியைப் பூட்டேக்க தண்டைக் குறட்டால பிடிக்கத்தான் வேணும். ஆனா புரிக்குக் கிட்ட, ஓ-றிங் வரைக்கும் ஒருநாளும் போகாத இடத்தில, பழைய சைக்கிள் ரியூப்பை ரெண்டு மடிப்பாச் சுத்திப் பிடிக்கவேணும். இதைச் செய்யேக்க அப்பா கதிரையை விட்டு எழும்பி வந்து எனக்குப் பக்கத்தில குந்தினார். நான் பிடிக்கிற விதத்தைப் பாத்தார். "ம்" எண்டார்.

ஒயில். தண்டை முழுக்கக் கீழ இழுத்து வைச்சு, விளிம்பு மட்டும் நிரப்பி, பிஸ்டனை மெதுவா மேல கீழ ஓட்டினால் குமிழி குமிழியாக் காத்து வெளியில வரும். பத்து நிமிசம் அப்படியே நிமித்தி வைக்கவேணும். இந்தப் பத்து நிமிசத்துக்குத்தான் பொறுமை இல்லாமல் எல்லாரும் பிழை விடுறது. காத்து உள்ள நிண்டால், ஒயில் ஓட்டைக்கால போக வேண்டிய இடத்தில காத்து நசுங்கும். ஷொக் 'சளக் சளக்' எண்டு சத்தம் போடும். பிறகு மூடியைப் பூட்டேக்க, மிஞ்சின ஒயில் வெளியில வழியிற அளவுக்குத் தண்டை உள்ள தள்ளிப் பூட்டவேணும்.

கடைசியா, அளவு. நாலும் முடிச்சுக் காரில பூட்டி நிலத்தில வைச்சால், கார் ஒரு பக்கம் சரிஞ்சு நிக்குது. பின்பக்கத் தண்டு முன்பக்கத்தைவிட நீளம். ஒண்டை மாறிப் போட்டுட்டன். நாலு மணித்தியால வேலை. திரும்பக் கழட்டினன். அப்பா சிரிக்கேல்லை. "எனக்கும் உது நடந்திருக்கு. ஒரு போர்க்கை மாத்திப் போட்டு, ஆள் ஓட்டிக்கொண்டு போன பிறகுதான் கண்டனான்" எண்டார்.

*

அண்டு இரவு அந்த நாலாவது தண்டைப் படமெடுத்து அண்ணாவுக்கு அனுப்பினன். ஒரு வரியும் எழுதேல்லை. நீல ரிக் விழுந்தது. எழுதுறான், நிப்பாட்டுறான், எழுதுறான். பிறகு ஒரு வொய்ஸ் வந்தது. அப்பா பக்கத்தில இருக்கிறதை யோசிக்காமல் போட்டுட்டன்.

"ஓமடி. நான்தான். உள்ளுக்குள்ள என்ன இருக்கெண்டு பாக்கக் கழட்டப் போய்க் குறட்டால பிடிச்சனான். அண்டைக்கு அப்பா கேக்கேக்க பயத்தில உன்ர பேரைச் சொல்லிப்போட்டன். பிறகு சொல்லுவம், சொல்லுவம் எண்டு... நீ மறந்திருப்பாய் எண்டு நினைச்சன்."

பின்னால கோப்பை கழுவுற சத்தம். கொஞ்சம் விட்டு, "கார் இனி உன்ர. விக்கிறதோ வைச்சிருக்கிறதோ உன்ர விருப்பம். வட்டிக் காசு நான் எப்பிடியும் போடுறன்" எண்டான்.

என்னால உடன பதில் போட ஏலேல்லை. மன்னிச்சிட்டன் எண்டு எழுதினால் அது முழுப் பொய். அவன் இருபது வயசில சொன்ன ஒரு வசனத்தால நான் உயர்தரத்தில கணிதப் பிரிவு எடுத்தும் 'பொறியியல் தொழில்நுட்பம்' எண்ட படிவத்தை நிரப்பாமல் விட்டனான். அதே நேரம், இண்டைக்குப் பன்ரெண்டு மணித்தியாலம் நிண்டு வேலை செய்து எங்கட வட்டியைக் கட்டுறதும் அவன்தான். ரெண்டும் உண்மை. ஒண்டை வைச்சு மற்றதைக் கழிக்க ஏலாது. கடைசியில, "சாப்பிட்டீங்களோ?" எண்டு மட்டும் அனுப்பினன்.

அப்பா ஒண்டும் பேசேல்லை. மேசையில கிடந்த அந்தத் தண்டை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விளக்குக்குக் கிட்ட வைச்சுப் பாத்தார். கனநேரம் பாத்தார். பிறகு அதை அதே இடத்தில வைச்சிட்டுப் படுக்கப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நான் கேக்காமலே, "மணற்காட்டுக்குப் போவமோ?" எண்டார். மோட்டார் சைக்கிளில அப்பாவுக்குப் பின்னால நான், மடியில கார். மண்ணில வைச்சு விட்டன். ஒரு கும்பியில ஏறி, பறந்து, அங்கால விழுந்தது. துள்ளேல்லை. அப்படியே குந்தி எழும்பிப் போனது. "உது ஷொக்" எண்டார் அப்பா. வீட்டுக்கு வந்த உடன தண்டு நாலையும் துடைச்சுத்தான் வைச்சனான். மண் எங்கட மண்தான் எண்டாலும் தண்டுக்கு அது விளங்காது.

கொழும்புக்காரருக்கு, இப்போதைக்கு விக்கேல்லை எண்டு எழுதிப்போட்டன்.

திங்கட்கிழமை காலமை தேத்தண்ணி கொண்டு கராஜுக்குப் போனன். கப்பை வாங்கிக்கொண்டு அப்பா தலையை நிமித்தாமல் சொன்னார். "அதில ரெண்டு போர்க் கழட்டிக் கிடக்கு. சீல் போடவேணும். எனக்கு இப்ப கிட்டத்துச் சாமான் கண் தெரியிறேல்லை. நேரமிருந்தா ஒருக்காப் பாரன், பிள்ளை."

போட்டன். பின்னேரம் சைக்கிளை எடுக்க வந்தவர் முன் பிரேக்கைப் பிடிச்சு, ரெண்டு தரம் அமத்திப் பாத்திட்டு, "ஆரண்ணை போட்டது?" எண்டு கேட்டார். அப்பா என்னைக் காட்டினார். அவர் ஒருக்கா என்னைப் பாத்தார், ஒருக்கா போர்க்கைப் பாத்தார்.

"ஒழுகினா என்னட்டக் கொண்டுவாங்கோ" எண்டு சொன்னன்.